ஹியூ காஸன்: உருமறைப்பு அதிகாரியின் நீர்வண்ணங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையின் 'ஏ' தரத் தளம் என்றால் மூன்று ஓடுபாதைகள். பெரியது 2,000 கெஜம் நீளம், மற்ற இரண்டும் 1,400 கெஜம், அகலம் 50 கெஜம். கணக்குப் போட்டால் 50 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான புதுக் கான்கிரீட். பச்சை வயல்களுக்கு நடுவே அது வெள்ளையாகப் பளிச்சிடும். நிலா வெளிச்சத்திலும் குண்டுவீச்சு விமானிக்கு வழிகாட்டும். அதைக் கண்ணுக்குப் படாமல் செய்ய ஓவியர்களையும் மேடை அலங்காரக்காரர்களையும் கட்டடக் கலைஞர்களையும் அரசு வேலைக்கு எடுத்தது. அப்படி 1940 முதல் 1944 வரை விமான அமைச்சகத்தில் உருமறைப்பு அதிகாரியாக இருந்தவர் ஹியூ காஸன். பிற்காலத்தில் பிரிட்டனின் பிரபலமான கட்டடக் கலைஞர்களில் ஒருவரானார். சாகும்வரை சின்னச் சின்ன நீர்வண்ண நிலக்காட்சிகளை வரைந்துகொண்டே இருந்தார்.

இந்த இரண்டையும் தனித்தனியாகப் பேசுவதுதான் வழக்கம். 'போரில் ஏதோ பெயின்ட் வேலை பார்த்தார், பிறகு பொழுதுபோக்காகப் படம் வரைந்தார்' என்று ஒரு வரியில் தாண்டிப்போவார்கள். அவருடைய படங்களில் இருப்பது உருமறைப்புக்காரனின் கண் என்பது என் கணிப்பு. நிறத்துக்கு முன்னால் வெளிச்சம் எவ்வளவு, இருட்டு எவ்வளவு என்று பார்க்கிற கண் அது. வடிவத்துக்கு முன்னால் அதன் நிழல்தான் அதற்குத் தெரியும்.

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1910 மே 23 அன்று லண்டனில் பிறந்தார். அப்பா இந்திய சிவில் சர்வீஸில் பர்மாவில் இருந்ததால் சின்ன வயதில் சில காலம் அங்கே. பிறகு இங்கிலாந்தில் பள்ளி, கேம்பிரிட்ஜ் செயின்ட் ஜான்ஸ் கல்லூரி, லண்டனில் பார்ட்லெட் கட்டடக்கலைப் பள்ளி. போருக்கு முன் கிட் நிக்கல்சன் என்ற கட்டடக் கலைஞரோடு வேலை. மனைவி மார்கரெட்டும் கட்டடக் கலைஞர்தான். 1999 ஆகஸ்டில் காஸன் இறந்தார். சில மாதங்களிலேயே மார்கரெட்டும் போய்விட்டார்.

இனி உருமறைப்பு. பச்சைப் பெயின்ட் அடித்தால் பச்சைப் புல்லோடு சேர்ந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். சேராது. புல்வெளி மேலிருந்து இருட்டாகத் தெரிவதற்குக் காரணம் அதன் நிறம் மட்டுமல்ல. ஒவ்வொரு புல்லும் பக்கத்துப் புல்லின் மேல் நிழல் போடுகிறது. லட்சக்கணக்கான அந்தச் சின்ன நிழல்கள் சேர்ந்துதான் புல்வெளியின் கருமை. அதே புல்லின் மேல் லாரி ஏறிப் படுக்க வைத்துவிட்டால், நிறம் மாறாமலே தடம் வெளிறிக் கோடாகத் தெரியும். மொழுமொழுவென்ற கான்கிரீட்டில் எந்தப் பச்சையை அடித்தாலும் அது வெளிச்சத்தைத் திருப்பித்தான் விடும். மழையில் நனைந்தால் கண்ணாடிதான். ஆகவே முதல் வேலை மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. தார்க் குழம்பைப் பூசி அதன் மேல் மரச்சீவலோ கல்துணுக்கோ தூவி ஒட்டவைப்பார்கள். நிறம் அதற்கு அப்புறம்தான்.

இதிலும் தொல்லைகள் உண்டு. கூரான கல்துணுக்கு விமானத்தின் டயரைக் கிழிக்கும். மரச்சீவல் டயருக்கு நல்லது, ஆனால் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் சீக்கிரம் தேய்ந்து கான்கிரீட் மறுபடி வெளியே தெரியும். இன்னொரு தந்திரம், திறந்த புல்வெளித் தளத்தின் குறுக்கே கறுப்பாக வேலிக்கோடுகள் வரைவது. மேலிருந்து பார்ப்பவனுக்குச் சின்னச் சின்ன வயல்களாகப் பிரிந்த நாட்டுப்புறம் தெரியும். அக்கம்பக்கத்து உண்மை வயல்களின் அளவோடும் கோணத்தோடும் அந்தக் கோடுகள் ஒத்துப்போகவேண்டும். எடுபடாமல் போவது இங்கேதான்: வரைபடத்தில் அழகாக, ஒரே அளவாகப் பிரித்துவிடுவார்கள். எந்த ஊர் வயலும் ஒரே அளவில் இருக்காது.

இன்னும் பெரிய தலைவலி நிழல். 9 மீட்டர் உயர விமானக் கொட்டகையின் நிழல், சூரியன் 45 பாகையில் இருக்கும்போது 9 மீட்டர். 30 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய பதினைந்தரை மீட்டர். லண்டன் பக்கம் டிசம்பர் நடுப்பகலிலேயே சூரியன் 15 பாகைதான் ஏறும். நிழல் 33 மீட்டரைத் தாண்டும். கூரைக்கு என்ன வண்ணம் பூசினாலும் தரையில் கிடக்கும் அந்தக் கூர்மையான கறுப்புச் செவ்வகம் காட்டிக்கொடுத்துவிடும். நிழலை அழிக்க வழி கிடையாது, அதன் விளிம்பை உடைக்கத்தான் முடியும். சுவரோரம் சரிவாக வலையை இழுத்துக் கட்டுவது, நிழல் விழும் இடத்தின் தரையையும் திட்டுத்திட்டாகக் கறுப்பாக்குவது, மரங்கள் நிற்கும் பக்கத்தில் கட்டடத்தை வைப்பது. இந்தக் கடைசி வழிதான் செலவில்லாதது. ஆனால் கட்டடம் கட்டும் முன்பே உருமறைப்பு அதிகாரியைக் கேட்டிருக்கவேண்டும். பெரும்பாலும் கட்டி முடித்த பிறகுதான் கூப்பிடுவார்கள். கட்டடக்கலையில் நிலத்தோட்டக்காரருக்கு இன்றைக்கும் அதே கதிதான்.

இன்னொன்றும் கவனிக்கவேண்டும். எதிரியின் உளவு விமானம் எடுத்த படங்கள் பெரும்பாலும் கறுப்பு-வெள்ளை. அதில் நிறம் என்பதே கிடையாது. வெளிர், நடுத்தரம், கறுப்பு என்ற டோன் மட்டும்தான். சிவப்புக் கூரையும் பச்சைக் காடும் ஒரே சாம்பலாக விழலாம். நான்கு வருடம் இப்படிப் பார்த்துப் பழகியவர் நீர்வண்ணப் பெட்டியைத் திறக்கும்போது வேறு ஆளாகத்தான் இருப்பார்.

போர் முடியும் தறுவாயில் அவர் கவனம் இடிபாடுகளுக்குத் திரும்பியது. 1944 ஆகஸ்டில் கவிஞர் டி.எஸ். எலியட், பொருளியலாளர் கீன்ஸ், கலை வரலாற்றாசிரியர் கென்னத் கிளார்க் முதலானோர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். குண்டு விழுந்து கூரையிழந்த லண்டன் தேவாலயங்களில் சிலவற்றைத் திரும்பக் கட்டாமல் அப்படியே போர் நினைவிடங்களாக விட்டுவைக்கவேண்டும் என்பது கோரிக்கை. அடுத்த வருடம் அதே கருத்தை விளக்கி வந்த சிறு நூலில் இடிபாடுகளைத் தோட்டமாகவும் திறந்தவெளி வழிபாட்டிடமாகவும் காப்பது பற்றி எழுதியவர் காஸன். இன்று லண்டனில் செயின்ட் டன்ஸ்டன் இன் தி ஈஸ்ட் தேவாலயமும் கிறைஸ்ட் சர்ச் கிரேஃபிரையர்ஸும் அப்படித்தான் தோட்டங்களாக நிற்கின்றன. உருமறைப்பு வேலையே பார்த்த இன்னொரு கட்டடக் கலைஞர் பேசில் ஸ்பென்ஸ், பம்பாயில் 1907-ல் பிறந்தவர். 1940-ல் எரிந்துபோன கவன்ட்ரி பேராலயத்தின் கூடு அப்படியே நிற்க, அதற்குப் பக்கத்தில் புதியதைக் கட்டினார். 1962-ல் அது திறக்கப்பட்டது.

இடிபாட்டை அப்படியே விடுவது என்றால் ஒன்றும் செய்யாமல் விடுவது என்று அர்த்தமில்லை. கூரையை நம்பிக் கட்டிய சுவர் அது. கூரை போனால் சுவரின் தலை திறந்துகிடக்கும். மழைநீர் உள்ளே இறங்கிச் சுண்ணாம்புக் காரையைக் கரைக்கும். குளிரில் அந்த நீர் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும். ஆகவே சுவர்த்தலையைச் சுண்ணாம்புக் காரையாலோ புல்கட்டியாலோ மூடி, நீர் வழியும்படி சரிவு கொடுக்கவேண்டும். சிமென்ட் போட்டு இறுக்கமாக அடைத்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லின் முகமே உதிரும். செடிகளும் மேலோட்டமாக வேர்விடுபவையாக இருக்கவேண்டும். கொடி அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் தண்டு இடுக்கில் பருத்தால் சுவர் தாங்காது.

1948-ல், 38 வயதில், 'பிரிட்டன் விழா' என்ற தேசியக் கண்காட்சியின் கட்டடக்கலை இயக்குநர் பொறுப்பு வந்தது. தேம்ஸின் தென்கரையில் 27 ஏக்கர், அதை நடுவில் வெட்டிக்கொண்டு ஹங்கர்ஃபோர்ட் ரயில் பாலம். 1951 மே மாதம் தொடங்கி ஐந்து மாதம் நடந்தது. தென்கரைக்கு மட்டும் ஏறக்குறைய 85 லட்சம் பேர் வந்தார்கள். 365 அடி விட்டமுள்ள 'கண்டுபிடிப்புக் குவிமாடம்', ஏறத்தாழ 300 அடி உயரத்தில் அந்தரத்தில் நிற்பதுபோல் தெரிந்த ஸ்கைலான் கம்பம் என்று எல்லோரும் பெரியவற்றைத்தான் பேசுவார்கள். அவற்றை வடிவமைத்தவர்கள் வேறு ஆட்கள்: குவிமாடம் ரால்ஃப் டப்ஸ், கம்பம் பவல்-மோயா. காஸனின் பங்கு இடையில் இருந்த வெளிகள். குறுகலாக நடத்திக் கொண்டுபோய் திடீரென்று ஆற்றைக் காட்டுவது, தரைமட்டத்தை ஏற்றி இறக்குவது, பெரிய குவிமாடத்தைப் பாதி மறைத்து மீதியைக் காட்டுவது. மறைக்கக் கற்றவருக்கு எதை எப்போது காட்டுவது என்பதும் தெரிந்திருக்கிறது. மறு வருடமே 'சர்' பட்டம். ஆட்சி மாறியதும் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கைத் தவிர அநேகமாக எல்லாவற்றையும் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

அவர் நிறுவனமான காஸன் கான்டரின் கட்டடங்களில் ஒன்றை மட்டும் இங்கே நின்று பார்க்கவேண்டும்: லண்டன் மிருகக்காட்சி சாலையின் யானை-காண்டாமிருகக் கூடம் (1962-65). கூட்டாளி நெவில் கான்டருக்கு அதில் பெரும் பங்கு. கான்கிரீட் சுவரை வரிவரியாக, விலா எலும்பு புடைத்த மாதிரி வார்த்து, பிறகு அந்த வரிகளின் முனையைச் சுத்தியலால் கொத்தி உடைத்திருக்கிறார்கள். உள்ளிருக்கும் ஜல்லி வெளியே தெரியும். தூரத்திலிருந்து யானைத் தோல். மொழுமொழு கான்கிரீட்டில் மழைநீர் தன் இஷ்டத்துக்கு வழிந்து கறை கறையாகும். வரி இருந்தால் நீர் அந்தப் பள்ளத்தில் இறங்கும், அழுக்கும் நிழலோடு நிழலாகக் கலந்துவிடும். ஓடுபாதையில் மரச்சீவல் தூவிய அதே சிந்தனை.

படங்களுக்கு வருவோம். பேனாக்கோடும் நீர்வண்ண வாஷும் (நீர் கலந்து மெல்லிதாக விரிக்கும் பூச்சு) கலந்தவை, சிறிய அளவு, வேகமான கை. ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லண்டன் தெருக்களை வரைந்து நூல்களாக்கினார். தென் பிரான்ஸில் வரைந்த கோட்டோவியங்களை மிட்வின்டர் என்ற பீங்கான் கம்பெனி 1954-ல் 'ரிவியெரா' என்ற பெயரில் தட்டுகளிலும் கோப்பைகளிலும் அச்சடித்தது. அப்போது இளவரசராக இருந்த சார்லஸ் எழுதிய லாக்னகர் மலைக் கிழவரின் கதைக்கு 1980-ல் படம் போட்டார். 1976 முதல் 1984 வரை ராயல் அகாடமி என்ற கலை அமைப்பின் தலைவர்.

அந்த மாதிரிப் படத்தை நாமே போட்டுப் பார்த்தால்தான் அதில் எவ்வளவு திட்டம் இருக்கிறது என்று புரியும். காகிதம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை), 'கோல்ட் பிரஸ்' எனப்படும் லேசான சொரசொரப்பு உள்ளது, ஏ5 அளவு. சின்ன அளவுக்குக் காரணம் உண்டு. 8-ஆம் எண் உருண்டைத் தூரிகை ஒன்றால், நிறம் காய்வதற்குள், முழு வானத்தையும் முடிக்கக்கூடிய பரப்பு அது. ஏ3-க்குப் போனால் 300 ஜிஎஸ்எம் நனைந்து அலை அலையாக எழும்பும். அப்போது காகிதத்தைச் சில நிமிடம் நீரில் ஊறவைத்து, பலகையில் பசைநாடாவால் நான்கு பக்கமும் ஒட்டிப் படுக்கைவாக்கில் காயவிடவேண்டும். 640 ஜிஎஸ்எம் வாங்கினால் இந்த வேலையே இல்லை, பணம்தான் அதிகம்.

வண்ணத்தைத் தொடும் முன் 2பி பென்சிலால் தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் படம். கண்ணை இடுக்கிப் பாருங்கள். விவரம் மறைந்து மூன்று டோன்கள் மட்டும் மிஞ்சும். வெளிர் என்பது காகிதத்தின் வெள்ளை. நடுத்தரம் பரப்பின் பெரும்பகுதி. கறுப்பு மிகக் கொஞ்சம், ஓரிரு இடம். இந்தச் சின்னப் படத்தில் காட்சி நிற்கவில்லையென்றால் எத்தனை வண்ணம் போட்டாலும் நிற்காது. அடிவானத்தைச் சரிபாதியில் போடுவது கட்டடம் வரைகிறவர்களின் வழக்கமான பிசகு. கண்மட்டக் கோட்டை நடுவில் போட்டுப் பழகிய கை அது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறக்கினால் வானத்துக்கு இடம் கிடைக்கும்.

வானம் முதலில். பலகையை 15 பாகை சாய்த்து, நிறைய நிறக்கலவையைத் தயாராக வைத்துக்கொண்டு, மேலிருந்து இடவலமாக இழுத்துவாருங்கள். ஒவ்வொரு இழுப்பின் அடியிலும் நீர் மணிபோல் திரண்டு நிற்கவேண்டும். அடுத்த இழுப்பு அதைத் தொட்டு இறக்கும். கடைசியில் தேங்குவதை ஈரம் பிழிந்த தூரிகையால் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். விட்டுவிட்டால், பாதி காய்ந்த மேல்பகுதிக்குள் அந்த நீர் திரும்ப ஏறிக் காலிஃபிளவர் பூத்தது மாதிரி வெளிர்த் திட்டு விழும். அதைத் திருத்தப் போகாதீர்கள். தடவத் தடவ மோசமாகும். நம் ஊர் வெயிலில் வாஷ் பாதியிலேயே காய்ந்துவிடும், காகிதத்தின் பின்பக்கத்தையும் லேசாக நனைத்துக்கொண்டால் நேரம் கிடைக்கும். கடலோர ஈரத்தில் சிக்கல் வேறு. காகிதத்தின் பசைப்பூச்சு பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனால் வாஷ், மை உறிஞ்சும் தாளில் விழுந்ததுபோல் திட்டுத்திட்டாக இறங்கும். காகிதத்தைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய உறையில் வைக்கவும்.

காய்ந்ததா என்று அறிய விரலின் வெளிப்புறத்தால் தொடுங்கள்; குளிர்ச்சி இருந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. அடுத்து நிலம். பிரெஞ்ச் அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் சேர்த்தால் நல்ல சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் தொலைவு, பழுப்பு கூடினால் அருகு. அல்ட்ராமரைனின் துகள்கள் காகிதப் பள்ளங்களில் படிந்து இலேசான மணல் தன்மை தரும். தாலோ நீலத்தில் அது நடக்காது. அது கறைபோல் இறங்கிவிடும், பிறகு எடுக்கவே முடியாது. எல்லாமே காய்ந்தால் வெளிறும், ஆகவே ஈரத்தில் பார்க்கும்போது சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். மூன்று நான்கு நிறங்களை ஒரே இடத்தில் குழப்பித் திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேறுதான் கிடைக்கும்.

நிழல் இந்தப் படத்தின் முதுகெலும்பு. விமானத் தளத்தில் காட்டிக்கொடுத்த நிழல் இங்கே கட்டடத்தைத் தரையோடு கட்டிப்போடுகிறது. புல், பாதை, சுவர் மூன்றின் மேலும் விழும் மர நிழலை மூன்றாகப் பிரித்து வரையாதீர்கள். எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஊடுருவும் ஒரே நீலச்சாம்பலை ஒரே இழுப்பில் மூன்றின் மேலும் கொண்டுபோங்கள். கீழிருக்கும் நிறம் தானே வித்தியாசத்தைக் காட்டும். சூரியனின் திசையை ஒருமுறை முடிவுசெய்தால் மாற்றக்கூடாது. அரைமணி நேரம் உட்கார்ந்தால் நிழல் நகர்ந்துவிடும், கடைசியில் வரைந்த நிழல் முதலில் வரைந்ததோடு சண்டைபோடும். அதனால்தான் நிழலின் ஓரத்தைப் பென்சிலால் ஆரம்பத்திலேயே குறித்துவிடவேண்டும்.

பேனா கடைசியிலா முதலிலா என்பது மையைப் பொறுத்தது. நீரில் கரையாத மை என்றால் கோட்டை முதலில் போடலாம், ஆனால் முழுதும் காயவேண்டும். கரையும் மை என்றால் வாஷுக்குப் பிறகுதான்; அதுவும் காகிதம் காய்ந்த பிறகு, இல்லாவிட்டால் கோடு மயிரிழை மயிரிழையாகப் பரவும். அரக்கு கலந்த இந்தியன் இங்க்கை ஊற்றுப்பேனாவில் நிரப்பினால் பேனா அதோடு சரி. அது தொட்டெழுதும் பேனாவுக்கு மட்டும்.

கட்டடக் கலைஞர்களின் நிலக்காட்சி பெரும்பாலும் கெடுவது இந்தக் கோட்டில்தான். எல்லா விளிம்பும் ஒரே அழுத்தம், எல்லா ஜன்னலும் எண்ணி வரைந்தவை, மரங்கள் வரைபடத்தில் ரப்பர் முத்திரை குத்தியவை. காஸன் கோட்டை நடுவில் விட்டுவிடுவார். வெளிச்சம் படும் கூரை விளிம்பில் கோடே இருக்காது, அடுத்திருக்கும் இருட்டே அதை வரைந்துவிடும். நிழல் பக்கத்தில்தான் பேனா அழுத்தும். ஜன்னல் வரிசையில் இரண்டை வரைந்தால் மற்றவை பொட்டுகள்.

நேர் எதிரான வழியும் உண்டு. கிளாஸ்கோவின் சார்லஸ் ரென்னி மக்கின்டோஷ் கட்டடத் தொழிலை விட்டு, 1923-ல் தெற்குப் பிரான்ஸுக்குப் போய், போர்-வான்ட்ர் துறைமுகப் பக்கம் நாற்பதை ஒட்டிய நீர்வண்ணங்கள் வரைந்தார். ஒவ்வொன்றும் நிதானமாக, பாறையின் ஒவ்வொரு முகமும் செதுக்கினதுபோல, அநேகமாக ஆளில்லாமல். காற்றடித்தால் வெளியே வேலை நடக்காது. கனத்தில் மக்கின்டோஷ் மேலே என்று தயங்காமல் சொல்லலாம். காஸனின் படங்களை 'வசீகரம்' என்று விமர்சகர்கள் ஒதுக்கியதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. சில படங்கள் உண்மையிலேயே வாழ்த்து அட்டைதான். ஆனால் டோன் சரியாக விழுந்த படங்களில், இரண்டு சாம்பலுக்கு நடுவே காகித வெள்ளையை எங்கே விடுவது என்பதில் அவருக்கு இருந்த துல்லியம் சாதாரணமானதல்ல.

ஆட்களைப் பற்றி ஒன்று. அவர் படங்களில் ஆட்கள் பொட்டுப் பொட்டாக இருப்பார்கள், முகம் கிடையாது. அந்த அளவை நிர்ணயிக்க எளிய வழி: நீங்கள் நின்றுகொண்டு வரைந்தால், சமதரையில் உங்கள் உயரமுள்ள யாரும் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவர் கண் அடிவானக் கோட்டில்தான் வரும். தூரம் போகப்போகக் கால்தான் மேலே ஏறும். உட்கார்ந்து வரைந்தால் அந்தக் கோடு நிற்பவரின் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் எங்கேயோ வெட்டும். எல்லா ஆளுக்கும் ஒரே உயரத்தில் வெட்டவேண்டும். தலையைச் சின்னதாகப் போடுங்கள். பெரிய தலை வைத்தால் ஆட்கள் குழந்தைகளாகி, பின்னால் நிற்கும் தேவாலயம் பொம்மையாகிவிடும்.